கஷாயமும் பாலும்

ஜெர்மனியில் குடியேறிய யாழ்ப்பாணத்தவர் வீடுகளில் தேநீர் என்றால் பாலும் சீனியும் தாமாகவே வந்து சேரும். ஆனால் புதினா, பெருஞ்சீரகம், கமோமில் பூ முதலியவற்றை வெந்நீரில் ஊறவைத்து இத்தேசத்தார் பருகும் மூலிகைத் தேநீரில் ஒரு கரண்டி பால் வார்த்துவிட்டால், எதிரே அமர்ந்திருக்கும் ஜெர்மானிய மூதாட்டி, வாய் திறந்து ஒன்றும் சொல்லாவிடினும், அநாசாரம் ஒன்றைக் கண்ட பாவனையில் புருவத்தை உயர்த்துவது நிச்சயம்.

ஜெர்மானியர் பாலுக்கு விரோதிகள் அல்லர். வடகடலோரத்து ஓஸ்ட்ஃபிரீஸ்லாந்தில், தலைக்கு வருஷம் ஏறக்குறைய 300 லிட்டர் தேநீர் அருந்தும் ஜனங்கள், கற்கண்டுக் கட்டியின்மேல் சூடான தேநீரை ஊற்றி, அதன்மேல் பாலேட்டை மெல்ல விட்டு, கலக்காமலே குடிப்பது பிரசித்தமான சம்பிரதாயம். மூலிகையோ இவர்களுக்கு ஔஷதம். மருந்துக்கடையில் வாங்கும் பொதியிலேயே, கொதிநீர் ஊற்றிப் பாத்திரத்தை மூடி 5 முதல் 10 நிமிஷம் வைக்கவேண்டும் என்ற விதி அச்சிடப்பட்டிருக்கும். வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடலாகாது என்பதே அதன் காரணம். காய்ச்சலுக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுக்கும் நம் அம்மாவிடம் அதில் பால் கேட்டால் அவள் மட்டும் சம்மதிப்பாளா? கஷாயத்துக்குப் பால் இல்லை என்பது நம் வீட்டுச் சாஸ்திரமும்தான். பீங்கான் கோப்பையில், பிஸ்கோத்தோடு, உபசாரமாக வந்த காரணத்தால் அது கஷாயம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஆயினும் எல்லா மூலிகையும் ஒரே சுபாவம் உடையன அல்ல. சிவப்பு நிறத்துக்காகப் பழத் தேநீர்களில் சேர்க்கப்படும் புளிச்சைப் பூவின் புல்லிவட்டத்தின் கடும் புளிப்பில், பாலிலுள்ள புரதம் திரண்டு, பால் அக்கணமே திரிந்துபோகும். இங்கே ஆசாரத்தைப் பற்றிய விவாதமே அநாவசியம். புதினாவில் பால் சேர்த்தால் பற்பசையைக் கரைத்துக் குடித்தாற்போல் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். பெருஞ்சீரகம் பாலைப் பொறுத்துக்கொள்ளும்.

பாலை மனமார வரவேற்பது ரூய்போஸ் ஒன்றுதான். தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்புறத்தில் விளையும் இச்செடியை நறுக்கி, நசுக்கி, ஈரமாக்கிக் குவித்துவைத்தால் அது செந்நிறம் அடைகிறது. விளையும் நாட்டில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிப்பதே சர்வசாதாரணம். அதை ஏராளமாக இறக்குமதி செய்யும் ஜெர்மானியரோ பெரும்பாலும் பாலின்றி, வனிலா மணமூட்டிக் குடிக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மூதாட்டியின் புருவத்துக்கு நான் கட்டுப்படுவதாக இல்லை.

தேயிலையில் உள்ள கஃபீன் ரூய்போஸில் இல்லையாதலால், இரவில் பால் தேநீர் கேட்டுப் பின்னர் உறக்கம் வராமல் புரளும் முதியோர் வீட்டில் இருப்பின், அதைச் சட்டியிலிட்டு நன்றாகக் கொதிக்கவைத்து, ஏலம் ஒன்று தட்டிப்போட்டு, சூடான பால் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். வைத்தியர் சொன்ன மூலிகையை மருந்தாகக் குடிப்பவர்கள் மட்டும், பாலை விலக்கி, பொதியில் எழுதியுள்ளபடி குடிப்பதே உத்தமம்.