பழைய வயரே போதும்

சென்ற மாதம் எங்கள் வீட்டு ரி.வி.ப் பெட்டியை மாற்ற வேண்டி வந்தது. பெட்டி என்று நான் சொல்வது ரி.வி.யை அல்ல. ரி.விக்குக் கீழே இருந்து, இன்ரநெற் வழியாக அலைவரிசைகளைக் கொண்டு வருகின்ற சின்னக் கறுப்புப் பெட்டியை. பழையது சூடாகிச் சூடாகி நின்றுவிடும். அம்மா அதன் மேல் ஈரத்துணி போட்டு ஆற்றிப் பார்த்ததும் உண்டு. (நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம், ஆபத்து.) பழையதைத் தந்தால் புதியது தருவதாக அறிவித்தார்கள். விண்ணப்பித்தேன்.

ஒரு புதன்கிழமை பின்னேரம் பெட்டி பொருத்த ஒரு தம்பி வந்தார். விறாந்தையில் இருக்கும் ரவுற்றரைப் பார்த்தார். அங்கிருந்து சுவரில் ஏறி, ஓட்டுக்குக் கீழால் ஓடி, அம்மாவின் அறைக்குள் இறங்கும் சாம்பல் நிற வயரையும் பார்த்தார். நுனியைப் பிடித்து ஒருமுறை இழுத்தார். அவ்வளவுதான் சோதனை.

"அக்கா, இது பழைய வயர். புதுப் பெட்டி ஹை ஸ்பீட். இதில ஓடாது. முழுக்கப் புதுசா இழுக்க வேணும்" என்றார்.

வயர் 22 மீற்றர், அதை மூடும் பிளாஸ்ரிக் குழாய், கூலி எல்லாமாகப் 18,500 ரூபா என்று ஒரு தாளில் எழுதினார். எழுதிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நீங்களே சைன் வையுங்கோ" என்றார். வைத்தேன். சனிக்கிழமை வயருடன் வருவதாகச் சொல்லி, புதுப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று காலையில் நான் எங்கே இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நுண்கடன் பற்றிய கூட்டமொன்றில், முப்பது பெண்களுக்கு முன்னால் நின்று, "என்ன எழுதியிருக்கு எண்டு கேட்காமல் ஒரு தாளிலயும் கையெழுத்து வைக்காதேங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் சமூகவியல் படித்தவள், பெண் தலைமைக் குடும்பங்களோடு பன்னிரண்டு வருடமாக வேலை செய்பவள், அன்று மாலையே ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்து வைத்தேன். அந்தத் தம்பி கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொன்னார். ஆனால் "ஆம்பிளையள் இல்லையோ" என்ற கேள்வியோடு எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வயர், பிளக் என்றால் அது எங்களுக்கு விளங்காத விடயம் என்று எங்கேயோ நானே முடிவு கட்டி வைத்திருந்திருக்கிறேன்.

18,500 ரூபா எங்கள் வீட்டில் இல்லாமல் இல்லை. சீட்டுக் காசு 20,000 அலுமாரிக்குள் இருந்தது. அது கிணற்று மோட்டர் திருத்துவதற்கு வைத்தது. மோட்டர் எரிந்து மூன்று மாதம். 2009இல் மாத்தளனில் பட்ட செல் துண்டு அம்மாவின் வலது தோளில் இன்னும் இருக்கிறது. வாளியால் அள்ளினால் இரவில் அந்தக் கை தூக்க முடியாது. நான் வேலைக்குப் போனபின் அவர் அள்ளுகிறார் என்பது எனக்குத் தெரியும். அள்ளுவதில்லை என்று அவர் சொல்வார்.

"ரி.வி. கிடக்கட்டும் பிள்ளை, வேண்டாம் எண்டு சொல்லிவிடு" என்றார் அம்மா. பகல் முழுதும் தனியே இருக்கிறவருக்கு அந்த ரி.வி. எவ்வளவு துணை என்பதும் எனக்குத் தெரியும்.

இரவு படுத்திருந்தபோது அப்பாவின் நினைவு வந்தது. நான் பிறந்து வளர்ந்த வன்னியில் தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். 1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது சட்டி பானையோடு அப்பா ஒரு சுருள் வயரையும் கட்டினார். போன இடமெல்லாம் அதே வயர்தான். கொட்டிலில் லைற் எரிந்ததும், றேடியோவுக்கு ஏரியல் கட்டியதும், ஒருமுறை உடுப்புக் காயப்போட்டதும் அதில்தான். அறுந்த இடத்தை முடிவாரே தவிர எறியமாட்டார். அவர் இருந்திருந்தால் அந்தத் தம்பியிடம் முதலில், "ஏன் ஓடாது?" என்று கேட்டிருப்பார்.

வியாழக்கிழமை வேலையால் வந்ததும் பழைய வயரை நானே புதுப் பெட்டியில் செருகினேன். ஒரு லைற்றும் எரியவில்லை. அவர் சொன்னது சரிதான் என்று மனம் விழுந்துவிட்டது.

அடுத்த வளவில் ஒரு பிள்ளை இருக்கிறாள். கணினி வன்பொருள் படித்து என்.வி.கியூ. நான்காம் தரம் முடித்தவள். ஏணியில் ஏறப் பொடியன்கள்தான் வேண்டும் என்று கடைக்காரர்கள் சொல்ல, ஒரு வருடமாக வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளைக் கூப்பிட்டேன். ஒரு சின்னப் பையுடன் வந்தாள். வந்தவள் பெட்டியைப் பார்க்கவில்லை. வயரின் தோலில் என்ன அச்சடித்திருக்கிறது என்று கைத்தொலைபேசி வெளிச்சத்தில் வாசித்தாள். எட்டு வருடமாக அந்த வயரில் தூசி தட்டுகிறேன், அதில் எழுத்து இருப்பதே எனக்குத் தெரியாது.

ஆங்கிலத்தில் சி, ஏ, ரி என்று மூன்று எழுத்து, பிறகு 5, அதன் பின் ஈ. 'கற் ஃபைவ் ஈ' என்பார்களாம். 100 மீற்றர் தூரம் வரைக்கும் செக்கனுக்கு 1000 மெகாபிற் கொண்டுபோகக்கூடிய வயர். தெளிவான எச்.டி. படத்துக்குச் சாதாரணமாக 10 மெகாபிற்றே போதும். அதைவிட நுணுக்கமான 4கே படத்துக்கும் 25 அளவில்தான் வேண்டும். எங்கள் வயரோ 22 மீற்றர். "வயர் காணும் அக்கா. பிழை நுனியிலதான் இருக்கும்" என்றாள்.

பழைய பிளக்கை எங்களுக்குக் காட்டினாள். இரண்டாகப் பிடித்துக்கொள்ளும் சின்ன நாக்கு உடைந்திருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. அதை வெட்டி எறிந்து தோலை ஓர் அங்குலம் உரித்தாள். உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாய்ச் சடை முறுக்கியதுபோல் நான்கு சோடி. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாதாம், பிரித்தால் ஒன்றின் சமிக்ஞை மற்றதைக் குழப்பும். நிறங்களை வரிசையாக அடுக்கினாள்: வெள்ளை செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். நுனியை நேராக வெட்டி, புதுப் பிளக்குக்குள் தள்ளி, குறடு போன்ற ஒன்றால் நெரித்தாள். மற்ற நுனிக்கு நான் செய்தேன். முதல் தடவை நீலமும் பச்சையும் இடம் மாறிப் போய்விட்டது, ஒரு பிளக் வீண். இரண்டாவது தடவை சரியாக வந்தது.

பிறகு இரு நுனியிலும் ஒரு சோதனைக் கருவியைப் பூட்டினாள். ஒன்று முதல் எட்டு வரை லைற் எரிய வேண்டும். ஆறு மட்டும் எரிந்தது. ஏழும் எட்டும், அதாவது மண்ணிறச் சோடி, எரியவில்லை. ஓட்டுக்குக் கீழே அணில் கடித்திருக்கலாம்.

"அப்ப மாத்தத்தான் வேணும்" என்றேன் நான், பழைய பழக்கத்தில்.

அவள் புதுப் பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தைப் புரட்டினாள். பெட்டியின் துளைக்குப் பக்கத்தில் 10/100 என்று போட்டிருந்தது. அந்தப் பெட்டியே 100 மெகாபிற்றுக்கு மேல் வாங்காது. 100 கொண்டுபோக இரண்டு சோடி போதும், செம்மஞ்சளும் பச்சையும். நான்கு சோடியும் வேண்டியது 1000இற்குத்தான். எங்கள் மண்ணிறச் சோடி இருந்தாலும் சும்மாதான் இருந்திருக்கும்.

செருகினோம். பெட்டியில் லைற் எரிந்தது, ஆனால் படம் வரவில்லை. கால் மணித்தியாலம் இருந்து பார்த்தோம். அம்மா சாமி அறைக்குப் போய்விட்டார். எனக்குக் கண்ணீர் வருமாப்போல் இருந்தது, ஒரு ரி.விக்கு இப்படியா என்று வெட்கமாகவும் இருந்தது. அந்தப் பிள்ளை ரவுற்றரைத் திருப்பி, "முந்தி இது எந்த ஓட்டையில இருந்தது, அக்கா?" என்று கேட்டாள். நான்கு துளையில் கடைசியில் இருந்தது. நான் கண்டபடி இரண்டாவதில் செருகியிருந்தேன். எங்கள் இணைப்பில் கடைசித் துளையை ரி.விக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மாற்றிச் செருகிய அடுத்த நிமிடம் படம் வந்தது. நீங்கள் எதையும் கழற்றுவதற்கு முன் எது எங்கே இருந்தது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால் மணித்தியாலம் உங்களுக்கு வேண்டாம்.

எல்லா வயரையும் காப்பாற்றலாம் என்று நினைக்க வேண்டாம். ரெலிபோனுக்குப் போகும் தட்டை வயர் இதற்கு உதவாது. வெய்யிலில் கிடந்து தோல் வெடித்தது, நடுவில் முறுக்கி ரேப் சுற்றியது, உள்ளே தண்ணீர் போனது எல்லாம் மாற்ற வேண்டியவைதான். மின்சார வயரோடு ஒட்டி ஓடுவதையும் தள்ளி இழுப்பதே நல்லது. டிஷ் அன்ரெனா வைத்திருப்பவர்களுக்கு வயர் வேறு. நடுவில் ஒரு தடித்த கம்பியும் சுற்றிவர வலையும் உள்ளது. அதன் தோலில் ஆர்.ஜி.6 என்று இருந்தால், பெட்டியை மாற்றும்போது பெரும்பாலும் அதையே வைத்துக்கொள்ளலாம். பழைய ஏரியல் வயர் அதைவிட மெல்லியது, டிஷ்ஷுக்குச் சரிவராது. டிஷ் பக்க நுனியில் மழை இறங்கிக் கம்பி கறுத்திருந்தால், நல்ல செம்பு தெரியுமட்டும் வெட்டிவிட்டுப் புது மூடி போட்டாலே போதும். வலையின் ஒரு இழைகூட நடுக் கம்பியில் முட்டக் கூடாது.

சனிக்கிழமை அந்தத் தம்பி புது வயர்ச் சுருளோடு வந்தார். அம்மா கதிரையில் இருந்து நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி ரி.வியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார்.

"ஆர் செய்தது?"

"எங்கட பிள்ளையள்தான்" என்றார் அம்மா, ரி.வியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் கையெழுத்து வைத்த தாளைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். வயர் இழுக்கவில்லை, ஆகவே பணமும் இல்லை என்று அதன் குறுக்கே எழுதச் சொன்னேன். எழுதினார். திகதியும் போடச் சொன்னேன். போட்டார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மோட்டர் திங்கட்கிழமை கடைக்குப் போனது. அந்தப் பிள்ளை காசு வேண்டாம் என்று நின்றாள். இது உன்ர தொழில், வாங்கத்தான் வேணும் என்று நான் பிடிவாதமாக நிற்க, கடைசியில் பிளக் விலையோடு 800 ரூபா வாங்கினாள். இப்போது எங்கள் ஒழுங்கையில் இன்னும் இரண்டு வீட்டில் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏணி எங்களுடையது, வந்து தூக்கிக்கொண்டு போகிறாள்.