இரண்டு பெட்டிகள்

பதினான்காம் நம்பர் விரிசலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பழைய வீடுகளையும் சத்திரங்களையும் பார்வையிட்டு, எந்தச் சுவர் நிற்கும், எந்தச் சுவர் விழும் என்று அறிக்கை எழுதிக் கொடுப்பது என் தொழில். விரிசலுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலைப் பிடித்துச் செல்போனில் படம் எடுத்துக் கொள்வேன். ஒரு கட்டடத்துக்கு ஐம்பது அறுபது படங்கள் சேர்ந்து விடும். ஒரு சமயம், கும்பகோணத்துக்கு அருகில் ஒரு சத்திரத்தின் தர்மகர்த்தாக்கள் கூடியிருந்த சபையில், அப்படங்களைத் திரையிலே காட்டி விளக்கிக் கொண்டிருந்தேன். பதின்மூன்றாவது விரிசல் கழிந்தது. அடுத்தபடி திரையில் தோன்றியது, சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்து கொண்டு தூங்கும் அடியேனுடைய திருவுருவம்! என் பெண் விளையாட்டாக எடுத்த படம். சபையில் ஒரு நிமிஷம் நிசப்தம். பிறகு வயதான தர்மகர்த்தா ஒருவர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்து கொண்டு, "இந்த விரிசல் எத்தனை அங்குலம் இருக்கும், ஸார்?" என்று கேட்டார்.

எல்லோருடனும் சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுச் சும்மா இருந்ததுதான் நான் செய்த பிசகு.

அதே வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை, வேலைக்குப் புறப்பட்டுக் கொண்டிருந்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து கனகாம்பரம் தொடுத்துக் கொண்டிருந்தாள். இரவெல்லாம் பெய்த மழை விட்டு, இளம் வெயில் அவள் கைமேல் விழுந்திருந்தது. ஒரு படம் எடுத்தேன். அதை என் தங்கைக்கும் அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன். அன்று முழுவதும் ஒரு பழைய வீட்டின் திண்ணையையும் தூண்களையும் படம் எடுத்துத் தள்ளினேன். சில நாட்களில் அறிக்கை முடிந்தது. செல்போனில் இடம் போதவில்லை. முதல் படத்தில் விரலை வைத்தேன். கடைசிப் படம் வரையில் இழுத்தேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்தேன்.

தை மாதத்தில் அம்மா காலமானாள்.

சட்டம் போட்டு மாட்டுவதற்காக அந்தப் படத்தைத் தேடியபோதுதான், நான் செய்த காரியம் எனக்கே தெரிந்தது. அழித்த படங்கள் குப்பைத் தொட்டியில் சில காலம் கிடக்கும்; கெடு கடந்த பிறகு மீளாது. கெடு கடந்துவிட்டது. தங்கையிடம் இருந்த பிரதி ஒன்றே மிச்சம். செய்தியோடு அனுப்பும் படங்கள் வழியிலேயே சுருங்கிப் போவது வழக்கம் அல்லவா? அதைப் பெரிதாக்கினால் அம்மாவின் விரல்களும் பூவும் நாரும் ஒன்றாகக் கலங்கிப் போயின.

இதன் பிறகுதான் வேலைப் படங்களையும் வீட்டுப் படங்களையும் பிரித்து வைக்க ஒரு மென்பொருளைத் தேடத் தொடங்கினேன். நண்பர்கள் ஆளுக்கு ஒன்று சிபாரிசு செய்தார்கள். அவற்றில் ஒன்று முகங்களைத் தானே கண்டுபிடித்து வகைப்படுத்துமாம். வெகு ஆவலோடு அதைத் திறந்தேன். ஒரு கூரையின் ஓதக் கறையைச் சுற்றிக் கட்டம் போட்டு, "இவர் யார்?" என்று என்னைக் கேட்டது. பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, மூடி விட்டேன்.

யந்திரத்தின்மேல் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. செல்போனில் எடுக்கும் படம் ஒவ்வொன்றுக்குள்ளும் தேதி, மணி, நாம் அனுமதித்திருந்தால் இடம் ஆகிய விவரங்கள் பதிவாகின்றன. 'எக்ஸிஃப்' என்னும் இந்த முறையை 1995-ஆம் ஆண்டில் ஜப்பானியர்கள் வகுத்தார்கள். ஆனால், அன்று காலையில் எடுத்த திண்ணை என் தாயார் உட்கார்ந்த திண்ணை, மத்தியானம் எடுத்த திண்ணை கட்சிக்காரருடைய திண்ணை என்ற வித்தியாசம் அந்த விவரத்தில் எங்கே இருக்கிறது? எதற்காக எடுத்தோம் என்பது எடுத்தவனுக்கு மட்டுமே தெரியும். அதுவும் எடுக்கிற அந்த நிமிஷத்தில்தான் நன்றாகத் தெரியும்.

இப்படி நான் வேதாந்தம் பேசிக் கொண்டிருந்தபோது என் மனைவி குறுக்கிட்டாள். "உங்கள் தாத்தா நெல் மண்டி நடத்தினாரே, கல்லாப் பெட்டியையும் மடியில் இருந்த சுருக்குப் பையையும் ஒன்றாகவா வைத்திருந்தார்? காசை முதலில் கலந்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து பிரித்துக் கொண்டிருந்தாரா?" என்றாள்.

என் தேடல் அத்துடன் முடிந்தது. கலந்ததைப் பிரித்துக் கொடுக்கும் கெட்டிக்கார மென்பொருள் எனக்கு வேண்டியதில்லை; கலக்காமல் இருக்க ஓர் எளிய ஏற்பாடே வேண்டும்.

இப்போது என் செல்போனில் இரண்டு காமிராச் செயலிகள் இருக்கின்றன. செல்போனோடு வந்தது வீட்டுக்கு. 'ஓப்பன் காமிரா' என்னும் இலவசச் செயலி வேலைக்கு. எடுக்கும் படங்களை எந்த உறையில் போட வேண்டும் என்று அதற்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். படத்தின்மேல் தேதியையும் நேரத்தையும் பொறிக்கும்படியும் செய்யலாம். அறிக்கைக்கு அது மிகவும் உதவுகிறது. இணையச் சேமிப்பிலும் வேலை உறையைச் சேர்ப்பதில்லை. கூகிள் போட்டோஸில் 2021 ஜூன் 1-ஆம் தேதி முதல், புதிதாக ஏற்றும் படங்கள் பொதுவாக 15 ஜீபி இலவச இடத்தில் கணக்காகின்றன. மின்னஞ்சல்களுக்கும் அதே இடந்தான். ஊரார் வீட்டு விரிசல்களை அதில் ஏன் நிரப்ப வேண்டும்?

கம்ப்யூட்டரில் 'வீடு', 'வேலை' என்று இரண்டே உறைகள். வீட்டில் ஆண்டும் மாதமும். வேலையில் கட்டடத்தின் பெயரும் தேதியும். இவற்றைப் பார்வையிட 'டிஜிகாம்' என்னும் இலவச மென்பொருளை வைத்துக் கொண்டேன். அதில் பொத்தான்கள் அநேகம். ராமேசுவரம் போகிறவன் வழியிலுள்ள குளங்களில் எல்லாம் முழுக வேண்டுமா, என்ன? அதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். நம் உறைகளையே அது ஆல்பங்களாகக் காட்டுகிறது. வீட்டையும் வேலையையும் இரண்டு தனித் தொகுப்புகளாக வைத்துக் கொள்ளவும் இடம் கொடுக்கிறது. நாளை அந்த மென்பொருளே இல்லாமற் போனாலும் உறைகள் இருக்கும். 'பிகாஸா' எவ்வளவு பேர் விரும்பிய மென்பொருள்! 2016-இல் கூகிள் அதைக் கைவிட்டு விட்டது. ஒழுங்கு நம்முடைய உறையில் இருக்க வேண்டுமே தவிர, பிறருடைய மென்பொருளுக்குள் சிறைப்பட்டிருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு உறைகளுக்கும் வெவ்வேறு வெளி வட்டுகளில் பிரதி எடுத்து வைக்கிறேன். அதற்குப் பிறகே செல்போனில் வேலைப் படங்களை அழிக்கிறேன். வீட்டு உறையில் மொத்தமாக அழிப்பது என்ற பேச்சே கிடையாது.

இவ்வளவுக்கும் செலவு இரண்டு வட்டுகளின் விலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையை ஐப்பசிக்கு முன்னால் செலவழித்திருக்கலாம்.

அம்மாவின் படம் கூடத்தில் ஊஞ்சலுக்கு எதிரே மாட்டியிருக்கிறது. கார்டு அளவுதான். அதற்குமேல் பெரிதாக்கினால் விரல்கள் கலங்கி விடும். வருகிறவர்கள், "இவ்வளவு பெரிய சுவரில் இத்தனை சின்னப் படமா?" என்று கேட்கிறார்கள். என் பெண் அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். "கிட்டே வந்து பாருங்கள். பாட்டி பூத் தொடுக்கிறாள்" என்கிறாள்.