கூடாரத்திற்குக் கட்டிய மூட்டை

பார்சல் ஆபீசில் பிறர் மூட்டைகளை நிறுப்பது நம் தொழில். சொந்த மூட்டையைக் கட்டும்போதுதான் திணறிப் போனோம். சென்ற டிசம்பரில் குடும்பத்துடன் இகத்புரியில் ரயிலைவிட்டு இறங்கிப் பண்டார்தரா சென்றோம். பிரவரா நதியை மறித்து 1926-இல் கட்டி முடித்த வில்சன் அணையின் ஏரிக்கரையில் கூடாரம். அப்பால் 1,646 மீட்டர் உயர்ந்த கல்சுபாய்ச் சிகரம்.

புளியோதரை, மிளகாய்ப்பொடி, டார்ச் லைட் யாவும் கொணர்ந்திருந்தோம். அன்னையார் நீட்டிய கனத்த கம்பளியை மட்டும், "மும்பைக் குளிர்தானே, அம்மா!" என்று வீட்டிலேயே மறுத்துவிட்டோம்.

நள்ளிரவில் எங்கள் மூச்சின் ஈரமே துணிச்சுவரில் துளிர்த்துச் சொட்டிற்று. இரண்டு போர்வை போர்த்தியும் குழந்தை நடுங்கினாள். குளிர் ஏறியது தரையிலிருந்து. கீழே விரிக்கத்தான் ஒன்றுமில்லை. அன்னையார் ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்தார். தம் பையிலிருந்து அந்தக் கம்பளியை எடுத்துக் குழந்தைக்கு அடியில் விரித்தார்.