வடதுருவ வாசலில் – 5: கடலுக்கு மேல் 960 கிலோமீட்டர்

டிரோம்சோவிலிருந்து லாங்யர்பியன் போவது நார்வேக்குள்ளேயே நடக்கும் பயணம்தான். ஆனாலும் பாஸ்போர்ட்டைக் காட்டாமல் விமானம் ஏற முடியாது. லாங்யர்பியன் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளை நார்வே ஆண்டாலும் அவை ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. ஆஸ்லோவிலிருந்து இதே விமானத்தில் வந்தவர்களும் இங்கே இறங்கி, சோதனை முடித்து, மறுபடி ஏறுகிறார்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இருமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா வாங்கியிருக்க வேண்டும். திரும்பி வருவதும் புது நுழைவாகவே கணக்காகும்.

இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 960 கிலோமீட்டர். ஜெட் விமானத்தில் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரம். சுவரில் மாட்டும் மெர்க்கேட்டர் உலகப் படத்தில் பார்த்தால் இந்தத் தூரம் இதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் தெரியும். துருவத்தில் ஒன்றுகூட வேண்டிய தீர்க்கரேகைகளை அந்தப் படம் இணைகோடுகளாக வரைகிறது. அதை ஈடுகட்ட வடக்கு தெற்காகவும் நிலத்தை இழுத்து நீட்டுகிறது. நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பாகைத் தீர்க்கரேகை, லாங்யர்பியனில் வெறும் 23 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. வடக்கின் தூரங்களைத் தெரிந்துகொள்ள உருண்டையைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

நான் போனது ஜூன் மாதம். இரு ஊர்களிலும் சூரியன் மறையாத காலம். கிளம்பிய சற்று நேரத்தில் நார்வேயின் கரை பின்னால் போய்விட்டது. பிறகு கடலும் மேகமும்தான். ஏறத்தாழ பாதி வழியில், வலப்பக்கம் பியோர்னோயா என்னும் கரடித் தீவு இருக்கிறது. வானிலை நிலையத்தில் பணிபுரியும் சிலரைத் தவிர அங்கே யாரும் வசிப்பதில்லை. அதையும் கடந்தபின் லாங்யர்பியன் இருக்கும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் கூர்மலைகளும், அவற்றுக்கிடையே கடல்வரை இறங்கும் பனியாறுகளும் தெரிந்தபோது கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

கடலோரமாக நீளும் ஓடுதளத்தில் இறங்கினோம். 78 பாகை வடக்கில், ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்மீது போட்ட தளம் அது. வெப்பம் கூடக்கூட அந்த மண் இளகுகிறது. தளம் மேடுபள்ளமாகாமல் காக்கும் வேலை ஓய்வதே இல்லை.

இந்த விமான நிலையத்தை 1975-இல் அரசர் ஐந்தாம் ஒலாவ் திறந்துவைத்தார். அதற்குமுன் குளிர்காலத்தில் கடல் உறைந்தால் கப்பல் வராது. ஊரிலிருந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் வசந்தம்வரை காத்திருக்க வேண்டும். தபால் மூட்டைகளை விமானத்திலிருந்து வீசிவிட்டுப் போவார்கள். மாதக்கணக்கில் எண்ணிய தூரம், ஓர் ஓடுதளத்தால் மணிக்கணக்குக்கு வந்தது.

ஆனாலும் தூரம் முழுதாகத் தொலைந்துவிடவில்லை. லாங்யர்பியனில் இருப்பது சிறிய மருத்துவமனை. பிரசவத்துக்கான வசதி அங்கே கிடையாது. கர்ப்பிணிகள் பேறுகாலத்துக்குச் சில வாரங்கள் முன்பே தெற்கே பெருநிலத்துக்குப் போய்விட வேண்டும். ஒன்றேமுக்கால் மணி நேரம் என்று பயணச்சீட்டு சொல்கிறது. பிள்ளை பெறப் போகிறவளுக்கு அது வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்கும் தூரம். வடக்கில் எந்த ஊரின் தொலைவைக் கேட்டாலும், யாருக்கு, எந்தப் பருவத்தில் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் துணிபு.

அடுத்த வாரம், 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்கும் நீ-ஓலசுண்டுக்குப் படகில் போகிறோம்.

(தொடரும்)