பாதி வழி

கடல் சார்ந்த நிலம் நெய்தல், மலை சார்ந்த நிலம் குறிஞ்சி எனப் பிரித்தறியப் பழகிய நமக்கு, நார்வே நாட்டின் மேற்குக் கரையிலுள்ள பெர்கன் நகரம் முதலில் சற்றுக் குழப்பத்தையே தரும். துறைமுகத்தில் மீன் விற்கிறார்கள். அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் மலையடிவாரம் வந்துவிடுகிறது. தம் நகரை ஏழு மலைகள் சூழ்ந்து நிற்பதாக அவ்வூரார் பெருமையுடன் கூறுவர். எந்த ஏழு என்று கேட்டால் மட்டும் விடை ஆளுக்கு ஆள் மாறும். பெயர் சொல்லி எண்ணத் தொடங்கினால் ஏழுக்கு மேலேயே தேறுகிறது.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் என் மகனுடன் மூன்று வாரம் தங்குவதற்காக அங்குச் சென்றிருந்தேன். அவன் அங்கே கடல்வாழ் உயிர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கிறான். நானோ தில்லியில் அரசுப் பணியில் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றவன். மலை ஏறுதல் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் முருகனைக் காணப் படி ஏறுவதுதான். பழனிமலைப் படிகளைப் பலமுறை ஏறியிருக்கிறேன். தில்லியிலோ நமக்கு மலை மந்திர் இருக்கிறது. அவ்வகையில் என்னை ஒரு மலையேறி என்று கருதிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

முதலில் ஏறியது புளோயன். பழனியில் இருப்பதுபோன்ற இழுவை ரயில் ஒன்று 1918 முதல் அங்கே ஓடுகிறது. சுமார் 320 மீட்டர் உயரத்துக்குச் சில நிமிடங்களில் கொண்டு சேர்த்துவிடும். நாங்கள் வளைந்து வளைந்து செல்லும் நடைபாதையில் ஏறினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. பெர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழை நிற்கட்டும் என்று காத்திருப்பவன் அவ்வூரில் வீட்டைவிட்டுக் கிளம்பவே முடியாது. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஏறும் தாய்மார், அலுவலகம் விட்டதும் ஓடியே ஏறும் இளைஞர், மழையங்கி அணிந்து வரிசையாக நடக்கும் மழலைகள் என்று அந்த மலைப்பாதை ஒரு கடைத்தெருவின் கலகலப்போடு இருந்தது. மேலே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கீழே, 1979இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிரிக்கன் மரவீடுகள், குழந்தை அடுக்கிவைத்த தீப்பெட்டிகளாகத் தெரிந்தன.

ஒன்று என்னை வியக்க வைத்தது. நகரத் தெருவில் நம்மை நிமிர்ந்தும் பார்க்காமல் கடந்து செல்லும் அம்மக்கள், மலைப்பாதையில் எதிர்ப்படும்போது 'ஹை' என்று முகமலர்ந்து கூறுகிறார்கள். ஏன் இப்படி என்று மகனைக் கேட்டேன். "இங்கே எல்லாரும் வீட்டுக்காரர்கள்தானே, அப்பா" என்றான். அவன் சொன்னதன் பொருள் பின்னரே விளங்கிற்று. திறந்தவெளியில் எவரும் கால்நடையாகத் தடையின்றிச் செல்லலாம் என்ற பழைய வழக்கத்தை 1957இல் அந்நாட்டார் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். நிலம் தனியாருடையதாயினும், பயிர்நிலத்துக்கும் வீட்டைச் சுற்றிய இடத்துக்கும் ஊறு செய்யாதவரை, நடப்பவனை யாரும் தடுக்க இயலாது. மலைக்கு வாயிலும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. ஏரிக்கரையில் உலவுவதற்குக்கூடச் சீட்டு வாங்கிப் பழகிய நான், முதல் சில நாள்கள் யாரேனும் வந்து கேட்பார்களோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

இரண்டாம் வாரம் உல்ரிக்கன் மலைக்குச் சென்றோம். சூழ்ந்துள்ள மலைகளுள் உயர்ந்தது அதுவே, 643 மீட்டர். உச்சிக்கு 1961 முதல் கம்பி ஊர்தி செல்கிறது. தெய்வம் வீற்றிருக்க வேண்டிய இடத்தில் ஒரு தொலைக்காட்சிக் கோபுரம் நிற்கக் கண்டு எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. ஏறி முடித்த பின் கைகூப்ப ஓர் உருவம் இல்லாவிட்டால் ஏறியது நிறைவாவதில்லை, பழக்கம் அப்படி.

அங்கிருந்து புளோயன்வரை மலைமுதுகின் மேலேயே நடந்து செல்லலாம். விட்டன் எனப் பெயர் பெற்ற அந்தப் பாதை சுமார் 15 கிலோமீட்டர். ஐந்தாறு மணி நேர நடை. மரங்கள் இல்லாத மேட்டுவெளி. பாறை, புல், சதுப்பு, ஆங்காங்கே கண்ணாடித் துண்டு விழுந்தாற்போல் சிறு குளங்கள். வழிகாட்டுவதற்குக் கற்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். ஒரு குவியலை அடைந்ததும் அடுத்தது கண்ணுக்குத் தெரியும். அதை நோக்கி நடக்க வேண்டும். ஒரு மணி நேரம் நடந்தபின் பாறைமேல் அமர்ந்து ரொட்டியும் பழுப்பு நிறப் பாலாடைக்கட்டியும் உண்டோம். பாலைத் திரித்து எடுத்த தெளிநீரை நெடுநேரம் காய்ச்சிச் சுண்டவைத்துச் செய்வது அது. கண்ணை மூடிக்கொண்டு தின்றால், அடிப்பிடித்த பால்கோவா!

எழுந்தபோது பனிமூட்டம் வந்துவிட்டது. வரும் வழியை நான் காணவில்லை. எதிரே இருந்த குளம் இல்லை, அவ்வளவுதான். கற்குவியலின் அருகே நின்று அடுத்த குவியலைத் தேடினோம். தென்படவில்லை.

"திரும்பிவிடலாம், அப்பா" என்றான்.

"இவ்வளவு தூரம் வந்துவிட்டா? மூட்டம் விலகும், நட" என்றேன்.

அவன் நகரவில்லை. 1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நார்வே மலைகளில் பலர் உயிரிழந்ததை அடுத்து, மலையில் நடப்போருக்கான விதிகள் வகுக்கப்பட்டனவாம். பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. அவற்றுள் எட்டாவது விதியை அவன் எனக்குச் சொன்னான்: காலத்தில் திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை.

அவன் அதை யாதொரு உட்கருத்தும் இன்றித்தான் சொன்னான் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் என் காதில் விழுந்தது வேறு. 2006ஆம் ஆண்டு, பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு நடுவிலேயே படிப்பை விட்டுவிட்டுப் பெட்டியுடன் அவன் வாசலில் வந்து நின்ற நாள் நினைவுக்கு வந்தது. "பாதியில் திரும்புகிறவனுக்கு என் வீட்டில் சொல்ல ஒன்றுமில்லை" என்றேன் அன்று. சொன்னபடியே எட்டு மாதம் அவனுடன் நான் பேசவில்லை. சாப்பாட்டு வேளையில் அவன் தாய்தான் இருவருக்கும் நடுவே தூது. பின்னர் அவன் விலங்கியல் படித்ததும், பட்டங்கள் பெற்றதும், இந்த ஊருக்கு வந்ததும் நான் இசைந்து நிகழ்ந்தவை அல்ல.

"சரி" என்றேன். வந்த வழியே ஒவ்வொரு கற்குவியலாகத் தேடித் திரும்பினோம். அவன் முன்னே சென்று கல்லைக் கண்டதும் குரல் கொடுப்பான். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நான் செல்வேன்.

உல்ரிக்கன் உச்சியில் கம்பி ஊர்தியில் இறங்கலாம் என்றான். படி வழியே இறங்குவோம் என்றேன்; கொஞ்சம் வீம்பு மிச்சமிருந்தது. சற்றுக் கீழே இறங்கியதும் மூட்டம் விலகி, நகரமும் நீரும் தெரிந்தன. அங்கே 1,333 படிகள் உண்டு. அவற்றைக் கட்டியவர்கள் நேபாளத்துச் சேர்ப்பாக்கள் என்று அறிந்தபோது, கைகூப்ப இடமின்றித் திரும்பிய எனக்கு ஏதோ ஒன்று கிடைத்தாற்போல் இருந்தது. சிமெண்டு கொண்டு பூசாமல், கல்லோடு கல்லைப் பொருத்தி அமைத்த படிகள். இமயத்தின் வழிகளில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய கைத்திறன், வடகடலோரத்தில் என் முழங்காலைத் தாங்கிக்கொண்டிருந்தது.

நடுவழியில் ஒரு படியில் அமர்ந்தோம்.

"அந்த எட்டு மாதம்..." என்று தொடங்கினேன். மேலே சொல்ல வரவில்லை.

"ஏழு மாதம்தான், அப்பா. எட்டாவது மாதம் மின்சாரம் போனபோது மெழுகுவத்தி எங்கே என்று என்னைத்தான் கேட்டீர்கள்" என்றான்.

அவன் எண்ணி வைத்திருந்தான். நான் எழுந்து எஞ்சிய படிகளில் இறங்கினேன். ஈரப்படியில் கால் வழுக்கும் இடங்களில் அவன் என் முழங்கையைப் பற்றிக்கொண்டான், நானும் விலக்கவில்லை.

ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு வானம் வெளுத்தது. இம்முறை புளோயன் பக்கமிருந்து விட்டன் பாதையில் நடந்து, பொழுது சாய்வதற்கு முன் நாங்களாகவே திரும்பினோம். இருபுறமிருந்தும் நடந்தது போக, நடுவில் சில கிலோமீட்டர் இன்னும் நாங்கள் மிதிக்காமலே கிடக்கிறது.