கைவந்ததை வைத்துவிட்டு வா

நன்றாகப் படம் எடுக்கிறவரைத் திணறவைக்க ஒரு வழிதான் உண்டு. அவருக்குக் கைவந்த ஒன்றைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். சென்னையில் நாங்கள் சில நண்பர்கள் மாதாமாதம் ஒருவருக்கொருவர் இதைத்தான் செய்துகொள்கிறோம். தலைப்பைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதில்லை. ஒருவர் சமீபத்தில் எடுத்த படங்களை இன்னொருவர் பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பார். இந்த மனிதர் எதை நம்பிப் படம் எடுக்கிறார் என்று கண்டுபிடிப்பார். அது இல்லாமல் எடுக்கவேண்டிய ஒரு தலைப்பைக் கொடுப்பார். மாதக் கடைசியில் ஒரே ஒரு படம் காட்டலாம். விளக்கம் எதுவும் சொல்லக் கூடாது.

மகிழ்ச்சி, தனிமை, நம்பிக்கை என்று தலைப்பு வைக்கிற போட்டிகளில் எனக்கு உடன்பாடில்லை. தனிமை என்றால் கடற்கரையில் ஒற்றைப் படகு, மகிழ்ச்சி என்றால் பலூனோடு ஒரு குழந்தை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே படம் மனதில் தயாராகிவிடுகிறது. கேமரா போய் அதற்கு நகல் எடுத்து வருகிறது. கயிறு, ஈரம், படிக்கட்டு என்று கையால் தொடக்கூடிய ஒன்றைச் சொல்லிப் பாருங்கள், கண் தேட ஆரம்பித்துவிடும்.

ஒரு சித்திரையில் எனக்கு வந்த தலைப்பு ‘உச்சி வெயில்’. காசிமேட்டு விடியல், மெரினா அந்தி என்று சாய்வான வெளிச்சத்தில்தான் என் படங்கள் எல்லாம் இருக்கும். “அண்ணே, உங்க படத்துல பாதி வேலையைச் சூரியனே செஞ்சு கொடுத்துடுது. பன்னெண்டு மணிக்குப் போய்ட்டு வாங்க” என்றார் தலைப்புக் கொடுத்த நண்பர். சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஆகஸ்டு நடுவில் ஒருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நேராக நட்ட கம்பத்துக்குக் கூட அப்போது நிழல் இருக்காது. கண்குழிகள் கறுத்து, மூக்கின் நிழல் உதட்டில் விழும் நேரம் அது. முகம் எடுக்கிறவர்கள் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவார்கள்.

தி.நகர் நடைபாதையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு தையல் மெஷினோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் நினைத்ததுபோல் அவர் முகம் இருட்டாக இல்லை. நிழலுக்கு வெளியே சிமெண்டுத் தரையில் விழுந்த வெயில் திரும்பி மேல்நோக்கி வந்து அவருடைய தாடையையும் கன்னத்தையும் தொட்டுக்கொண்டிருந்தது. வழக்கமாகக் கண்ணின் மேல்பாதியில் தெரிகிற ஒளிப்புள்ளி, அவருக்குக் கீழ்பாதியில் இருந்தது. தெருவுக்கு எக்ஸ்போஷர் வைத்தால் முகம் கறுத்துவிடும், முகத்துக்கு வைத்தால் தெரு வெளுத்துவிடும். முகத்துக்கே வைத்தேன். பின்னால் தெரு வெள்ளையாகக் கரைந்துபோனது. அந்த ஊர் அந்த நேரத்தில் அப்படித்தான் இருக்கிறது.

பதிலுக்கு நான் அந்த நண்பருக்குக் கொடுத்தது ‘முகம் இல்லாத மனிதர்’. கூவாகம் திருவிழா, குலசேகரன்பட்டினம் தசரா என்று ஒன்று விடாமல் போகிறவர் அவர். வேஷமும் பார்வையும் தெறிக்கும் முகங்களை அவர்போல எடுக்க எங்களில் ஆள் இல்லை. மாதக் கடைசியில் அவர் காட்டியது ஒரு முழங்கை. பூக்கார அம்மா கதம்பத்தை முழம்போட்டு அளக்கிறார். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை பூ நீள்கிறது. நாரை இழுத்து இழுத்துச் சுட்டுவிரலில் விழுந்த பள்ளம் தெரிகிறது. அந்த அம்மாவின் வியாபாரத்துக்கே அளவுகோல் அந்தக் கைதான் என்பது படத்தில் இருந்தது. முகம் தெரிந்திருந்தால் நாங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்போம்.

பெரியவர்களும் இப்படிச் சீண்டப்பட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸின் படங்களுக்குப் பலமே அவர் தன் எதிரே நிற்பவர்களை வசியம் செய்துவிடுவதுதான் என்கிற மாதிரி எழுத்தாளர் வால்டோ ஃபிராங்க் எழுதியிருந்தார். ஸ்டீக்லிட்ஸ் அதற்குச் சொன்ன பதில், 1922இல் ஜார்ஜ் ஏரிக்கரையில் எடுக்கத் தொடங்கிய மேகங்கள். மேகத்தை யார் வசியம் செய்ய முடியும்?

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு கேமராவே இல்லாமல் கொடுக்கப்பட்டது. 1942இல் கார்டன் பார்க்ஸ் என்ற கறுப்பின இளைஞர், அமெரிக்கக் கிராமப்புற வறுமையைப் படமெடுத்துவந்த அரசுத் துறையில் சேர வாஷிங்டனுக்கு வருகிறார். அங்கே படப்பிரிவுக்குத் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். எந்த ஊரில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று படக்காரர்களுக்குப் பட்டியல் எழுதி அனுப்புகிறவர். அவர் பார்க்ஸிடம், கேமராவை வைத்துவிட்டு ஊருக்குள் போய்ச் சாப்பிடு, சினிமா பார், ஒரு கோட்டு வாங்கு என்கிறார். எல்லா இடத்திலும் பார்க்ஸுக்கு மறுப்புத்தான் கிடைத்தது. கொதித்துப்போய்த் திரும்பியவரிடம், இந்தக் கட்டடத்தைச் சுத்தம் செய்கிற அம்மாவிடம் போய்ப் பேசு என்றார் ஸ்ட்ரைக்கர். அந்த அம்மாவின் பெயர் எல்லா வாட்சன். அமெரிக்கக் கொடிக்கு முன்னால் துடைப்பத்தோடு அவரை நிறுத்தி பார்க்ஸ் எடுத்த படத்தை உலகம் அறியும். அதற்குப் பிறகும் அவர் வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் கூடவே போய்ப் பார்க்ஸ் எடுத்துக்கொண்டே இருந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஒரு தலைப்பு ஒருவரை இன்னொரு மனிதரின் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறது.

சமீபத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி எங்களோடு சேர்ந்தாள். அவள் படங்களில் ஆளே கிடையாது. காலியான பிளாட்பாரம், மழை கழுவிய மொட்டைமாடி, எல்லாம் சுத்தமான ஃப்ரேம்கள். திறமை இருக்கிறது, மனிதர்களை நெருங்கத்தான் தயக்கம். அவளுக்குத் தலைப்புக் கொடுக்கும் முறை எனக்கு வந்தது. ‘சைதாப்பேட்டை மார்க்கெட், ஞாயிறு காலை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“சார், கூட்டத்துல கேமராவை எடுத்தா எல்லாரும் என்னையே பார்ப்பாங்களே” என்றாள்.

“எடுக்காதேம்மா. முதல் ரெண்டு வாரம் பையோட போய் வீட்டுக்குக் காய் வாங்கிட்டு வா” என்றேன்.