தங்கம் தேடிய தேவாலா... தளிரில் தெரியும் நம்பிக்கை!

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகப் பந்தலூர் போகும் சாலையில் இருக்கிறது தேவாலா. தமிழ்நாட்டின் சிரபுஞ்சி என்று மழைக்காலச் செய்திகளில் அடிபடும் ஊர்.

மழைக்கு முன்பே இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது தங்கம். 1880 வாக்கில், இந்த மலைகளில் தங்கம் எடுக்க இங்கிலாந்தில் நாற்பது கம்பெனிகளுக்கு மேல் தொடங்கப்பட்டன. பாறையை உடைத்த செலவுக்குக்கூடத் தங்கம் கட்டுப்படியாகவில்லை. சில ஆண்டுகளில் எல்லோரும் மூட்டை கட்டினார்கள். சுரங்கக் குழிகள்தான் மிச்சம்.

அதே மண்ணுக்குப் பிறகு வந்தவர்கள் தாயகம் திரும்பிய தமிழர்கள். 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலருக்கு, நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. 1968-ல் இதற்காகவே தொடங்கிய திட்டம்தான் இன்றைய ‘டேன்டீ’. வந்தவர்களில் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. இலங்கைத் தோட்டத் தமிழர்களிடையே 1854-லேயே மிஷன் பணி தொடங்கியிருந்தது. வீட்டையும் ஊரையும் விட்டு வந்தவர்கள், ஜெபத்தை விடவில்லை.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் புத்தாண்டுக்கான வாக்குத்தத்த வசனம் பெறுவது தமிழ்ச் சபைகளின் வழக்கம். ‘இந்த வருஷம் எல்லாம் மாறிவிடும்’ என்ற எதிர்பார்ப்போடு வீடு திரும்புபவர்கள் பலர். மாறாதபோது மனம் சோர்ந்துபோகிறது. தங்கம் தேடியவர்களின் அவசரம் விசுவாசத்திலும் வரக்கூடியதுதான்.

தேயிலைச் செடியோ அவசரப்படாது. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைக் கவாத்து செய்வார்கள். பச்சைப் பசேலென்ற தோட்டம் ஒரே நாளில் வெறும் குச்சிகளாக நிற்கும். பழக்கமில்லாதவர்கள் பட்டுப்போனதாகவே நினைப்பார்கள். சில வாரங்களில் மொட்டுக் கிளைகளில் தளிர் எட்டிப் பார்க்கும். வேரில் மாவுச்சத்து சேர்ந்திருக்கிறதா என்று அயோடின் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவதும் உண்டு. வேர் பலமாக இருந்தால் எவ்வளவு வெட்டினாலும் செடி பிழைக்கும்.

யோவான் சுவிசேஷத்தின் 15-ம் அதிகாரத்தில் இயேசு சொல்வதும் இதைத்தான். கனி கொடுக்கும் கிளையைத்தான் தோட்டக்காரர் கத்தரிக்கிறார். அது தண்டனையல்ல, இன்னும் அதிகக் கனிக்கான ஏற்பாடு. தினசரி ஜெபம், வேத வாசிப்பு, பக்கத்து வீட்டுத் துக்கத்தில் போய் உட்காருவது என்று கண்ணில் படாத வேர் வேலைதான் ஆவிக்குரிய வளர்ச்சி. லெந்து நாட்களின் நாற்பது நாள் ஒடுக்கமும் ஒருவகைக் கவாத்துதான். அந்த மாதங்களில் மலை காய்ந்து கிடக்கும். ஈஸ்டரை ஒட்டிக் கோடை மழை எட்டிப் பார்க்கும்.

இது வெறும் உவமையல்ல. ஓய்வு பெற்றால் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்பது டேன்டீ குடும்பங்களின் நெடுநாள் கவலை. தோட்ட நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தர 2022-ல் எடுத்த முடிவு அந்தக் கவலையைக் கூட்டியது. இருட்டினால் யானைப் பயம் வேறு. வீட்டு உரிமை கேட்டுக் குரல் கொடுக்கவும் வேண்டும். அதுவரை மனம் உடையாமல் இருக்கவும் வேண்டும். இரண்டாவதற்குத்தான் வேர் தேவைப்படுகிறது.

ஊட்டியிலிருந்து கூடலூருக்குச் சுமார் 50 கிலோமீட்டர். அங்கிருந்து தேவாலாவுக்குப் பேருந்து உண்டு. போகும் வழியில் கவாத்து முடிந்த தோட்டம் கண்ணில் பட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். குச்சியில் பச்சை தெரியும்.